துப்பாக்கிக்குப் புதுக்கட்டை

உத்தமபாளையம் பாஜிலா யாருக்கும் பயந்தவள் இல்லை. திராட்சை வியாபாரி எடையில் கை வைத்தால் தராசோடு அவனைத் தெருவுக்கு இழுத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு 2001 தேர்தல் சமயத்தில் ஐந்து நாள் தொண்டையில் சோறு இறங்கவில்லை. காரணம் ஒரு சாரைப்பாம்பு.

புதன்கிழமை பட்டப்பகலில் அது பழப்பெட்டி அடுக்கிய அறைக்குள் நுழைந்தது. சாரை என்று தெரிந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். அந்த நேரத்தில் அவள் கண்ணுக்கு அது நல்லபாம்பாகத்தான் தெரிந்தது. கைக்கு எட்டிய நீளமான பொருள், சுவரில் தொங்கிய புருஷன் ஹனீபாவின் துப்பாக்கி ஒன்றுதான். தோட்டாக்கள் பீரோவில் பூட்டிக் கிடந்தன. குழலை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டையால் ஓங்கிப் போட்டாள். பாம்பு தப்பியது. கட்டைதான் நிலைப்படிக் கல்லில் பட்டுக் கழுத்தோடு முறிந்தது.

காட்டுப்பன்றியை விரட்டுவதற்காக ஹனீபா பேரில் மட்டும் உள்ள லைசன்ஸ் அது. தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கடைசி நாள். முறிந்த கட்டையோடு போய் நின்றால் யார் தொட்டது, எதற்குத் தொட்டது என்று குடைவார்கள். லைசன்ஸ் போய்விட்டால் தோட்டம் பன்றிக்குத்தான்.

போலீஸைவிடப் பெரிய பயம் ஹனீபா. அவருடைய அத்தா மூத்த மகனுக்கென்று விட்டுப்போன துப்பாக்கி அது. வேறொருவர் விரல் படக்கூடாது. எண்ணெய் போடலாமென்று தம்பி ரஹ்மத் ஒருநாள் திருகாணியைக் கழற்றப் போனதற்குத் தெருவே கூடும்படி கத்தினார். மூன்று வருஷமாக அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை இல்லை. கூடப்பிறந்தவனுக்கே அந்தக் கதி என்றால் தன்னை என்ன செய்வாரோ! நல்லவேளை, ஹனீபா ஏலக்காய் வேலையாக வண்டன்மேடு போயிருந்தார். திங்கள் சாயங்காலம்தான் வருவார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் தேனிக்குப் புறப்பட்டாள். இரும்பைக் கழற்றி வீட்டில் ஒளித்துவிட்டு, கட்டைத் துண்டுகளை மட்டும் சாக்கில் சுருட்டிக்கொண்டாள். அல்லிநகரம் மரக்கடையில் விசாரித்ததில் கிங்ஸ்லி ஆசாரியின் பட்டறையைக் காட்டினார்கள்.

"இரும்பு இல்லாம எப்படிம்மா குழி வெட்டுறது? ஒரு நூல் பெசகுனாலும் ஆடுமே" என்றார் கிங்ஸ்லி.

"இரும்பைப் பஸ்ஸுல கொண்டாந்தா என்னைய உள்ள வச்சிருவாகண்ணே. திங்கக்கெழம வேணும். அச்சு அசலா இருக்கணும்."

கிங்ஸ்லி முறிந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, இரும்பு உட்காரும் குழியை வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடியை உயர்த்திக்கொண்டு மறுபடி பார்த்தார். தனக்குள் சிரித்தார்.

"இதைச் செஞ்சவன் நல்ல வேலைக்காரன்மா."

வீடு பற்றி எரிகிறது, இந்த மனுஷனுக்குப் பாராட்டு கேட்கிறதா என்று பாஜிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்த ஊரு?" என்று கேட்டதற்குச் சின்னமனூர் என்று பொய் சொன்னாள்.

கிங்ஸ்லி பழைய குழியில் மெழுகை உருக்கி ஊற்றினார். ஆறியதும் எடுத்தால் இரும்பின் வடிவம் அப்படியே வந்தது. அதில் விளக்குக் கரி தடவிப் புது ஈட்டி மரக் கட்டையில் வைத்து எடுத்தார். கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவினார். மறுபடி கரி, மறுபடி உளி. அவசரமே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த பாஜிலாவுக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

"மூணு கை எண்ணெய் குடுக்கணும். ஒவ்வொண்ணும் காயணும். ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிருவேன், உளியத் தொடமாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார்.

திங்கள் காலை அவள் போனபோது இரண்டு கைதான் ஆகியிருந்தது. கட்டை இன்னும் கையில் ஒட்டியது. வீட்டுக்கு வந்து வெயிலில் காயவைத்து, இரும்பைப் பொருத்தித் திருகாணியை முடுக்கினாள். அசையவில்லை. ஆனால் எண்ணெய் வாடை வீடெல்லாம் வீசியது. சாம்பிராணி போட்டாள். பழைய கீறல்கள் இருந்த இடத்தை ஞாபகப்படுத்தி வளையலால் கீறினாள்.

ஹனீபா வந்ததும், "என்ன, இன்னைக்கிச் சாம்பிராணி?" என்றார். பதிலுக்குக் காத்திராமல், மறுநாள் ஒப்படைக்க வேண்டுமே என்று துப்பாக்கியை இறக்கிக் கட்டையைக் கன்னத்தில் வைத்தார். கன்னத்தில் எண்ணெய் ஒட்டியது. திருப்புளியை எடுத்து வந்து கழற்றினார். குழிக்குள் உளியால் கொத்திய சின்னச் சிலுவை ஒன்று இருந்தது. பொருத்திய அவசரத்தில் பாஜிலா அதைக் கவனித்திருக்கவில்லை.

"பாம்பு வந்துச்சுங்க... நல்லபாம்புன்னு நெனச்சு..." அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கிங்ஸ்லி இன்னும் பட்டறை வச்சிருக்காரா?" என்றார் ஹனீபா.

"அவுக பேர நான் சொல்லவே இல்லையே?"

ஹனீபா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நிக்காஹ்வுக்கு முந்தி, வாய்க்காலில் வழுக்கி விழுந்து அத்தாவின் கட்டையை முறித்தது அவர்தான். இதே மாதிரி அத்தா ஊரில் இல்லாத நாளில், இதே பட்டறையில் மாற்றி வைத்திருக்கிறார்.

"அத்தா மவுத்தாகி அடக்கம் பண்ற வரைக்கும் சொல்லல. அப்பறம் சொல்ல வெக்கமாயிருச்சு. கழட்டுனா சிலுவை தெரிஞ்சிரும். அதான் யாரையும் தொட விடல."

ஐந்து நாள் பயம் போன இடம் தெரியவில்லை. கோபம்தான் வந்தது.

"அப்ப ரஹ்மத்து என்ன பாவம் பண்ணுனாக?"

ஹனீபா கட்டையை மறுபடி பொருத்தித் திருகாணியை முடுக்கினார்.

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனில் துப்பாக்கியில் சீட்டைக் கட்டி வாங்கிக்கொண்டு ஹனீபாவைப் பதினொரு மணிக்கே விட்டுவிட்டார்கள். கட்டையை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பாஜிலா மத்தியானச் சோறு வடித்துக் காத்திருந்தாள். மூன்று மணிக்கு ஹனீபாவிடமிருந்து போன் வந்தது.

"சாப்புட்டுட்டேன். ரஹ்மத்து வீட்டுல இருக்கேன்" என்றார்.