பழுப்புப் புள்ளி

ஒவ்வோர் ஆண்டும் சம்பந்தியின் நினைவு நாளன்று மாலை என் மருமகள் ஒரு வெள்ளை அட்டைப்பெட்டியுடன் வீட்டுக்கு வருவாள். முறையான திதியைத் திருநெல்வேலியில் அவள் அண்ணன் கொடுத்துவிடுவான். ஹைதராபாத்தில், எங்கள் கொண்டாப்பூர் வீட்டில் இவள் செய்வது வேறு. அப்பாவின் படத்துக்கு விளக்கேற்றி, பெட்டியைத் திறந்து, சதுரமான ஒரு துண்டைச் சின்னத் தட்டில் எடுத்து வைப்பாள். காபியில் ஊறிய பிஸ்கட், அதன்மேல் கெட்டியான க்ரீம், மேலே தூவிய கோகோத் தூள். "அப்பா வாய்விட்டுக் கேட்டுச் சாப்பிட்ட ஒரே பண்டம் மாமா" என்பாள். நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பெட்டியின் மூலையில் ஒட்டியிருக்கும் பழுப்புப் புள்ளியை மட்டும் பார்க்கமாட்டேன். முட்டையோ இறைச்சியோ சேர்ந்த பண்டம் என்பதற்கு அதுதான் அடையாளம். சம்பந்தியோ பிறந்ததிலிருந்து முட்டையைத் தொட்டறியாத சைவர்.

அந்தக் கடையைக் கண்டுபிடித்தவன் நான்தான். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, சென்னையை விட்டு மகனோடு வந்து சேர்ந்திருந்தேன். மாலை நடையில் ஒருநாள் பக்கத்துத் தெருவில் காபி வறுக்கும் மணம் இழுத்தது. உள்ளே போனேன். உத்தரத்திலிருந்து உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைகள் தொங்கின. வண்டிச் சக்கரம்போல ஒரு பாலாடைக்கட்டி. கண்ணாடிச் சாடிகளில் நெல்லிக்காய் ஊறுகாயோ என்று நினைக்க வைத்த ஆலிவ் காய்கள். மறுபக்கக் கண்ணாடி அலமாரி முழுவதும் இனிப்புகள். இத்தாலியக் கணவரும் ஹைதராபாத் மனைவியும் நடத்திய கடை அது. நான் காபித் துண்டைக் காட்டியதும் அந்த அம்மாள், "அங்கிள், இஸ்மே அண்டா ஹை. சலேகா?" என்று, அதில் முட்டை இருப்பதைச் சொல்லி எச்சரித்தார். "ஹவ், ஹவ்" என்று அந்த ஊர்ப் பேச்சில் 'ஆமாம்' சொல்லிவிட்டு ருசித்துச் சாப்பிட்டேன். எனக்கு முட்டை புதிதல்ல. கல்லூரி விடுதியிலேயே பழகியது.

வேலைகள் பறிபோன மந்தநிலை ஆண்டு அது. மாதாப்பூரில் மருமகள் வேலை பார்த்த நிறுவனம் அவளையும் அனுப்பிவிட்டது. வீட்டில் அவளுக்கும் மகனுக்கும் தினமும் சண்டை. நடுவில் பேசியிருக்க வேண்டிய நான், திருநெல்வேலிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்குக் கொஞ்சம்கூடப் பொறுமை இல்ல சம்பந்தி. இப்படியே போனா நல்லா இருக்காது" என்றேன். மிரட்டலாகச் சொல்லவில்லை என்று அப்போது நம்பினேன். அடுத்த ரயிலிலேயே அவர் வந்துவிட்டார்.

நெற்றி நிறைய விபூதி. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரம். சமையலறையில் மகன் முட்டை பொரிக்கும் வாணலியைப் பார்த்தவர், மெல்லிய குரலில், "நான் பால் மட்டும் இதுல காய்ச்சிக்கிடுதேன் சம்பந்தி. தப்பா நினைக்கப்படாது" என்றார். தப்பாகத்தான் நினைத்தேன். என் வீட்டுப் பாத்திரம் தீட்டாகிவிட்டதா? பெண்ணைக் கொடுத்தவர் மாப்பிள்ளை வீட்டில் வந்து நின்று ஆசாரம் பேசுவதா? படித்தவன் என்று சொல்லிக்கொண்ட எனக்குள் அந்தப் பழைய மாப்பிள்ளை வீட்டுத் திமிர் முழுதாக இருந்தது. மறுநாள் மாலையே அவரை அந்தக் கடைக்கு அழைத்துப்போனேன்.

உள்ளே தொங்கிய இறைச்சியைப் பார்த்ததும் அவர் வாசலிலேயே தயங்கினார். "இது அந்தப் பக்கம். நமக்கு இந்தப் பக்கம்" என்று தோளைப் பிடித்து இனிப்பு அலமாரிக்கு நகர்த்தினேன். ஒவ்வொரு பண்டத்துக்கும் முன்னால் பெயர் எழுதிய சின்ன அட்டை; சிலவற்றில் பச்சைப் புள்ளி, பலவற்றில் பழுப்பு. காபித் துண்டின் அட்டைமேல் என் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டு வாங்கினேன். "வெறும் பாலும் காபியும்தான் சம்பந்தி. நீங்கதான் காபிப் பிரியராச்சே!" அவர் தட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லையே" என்றார். "நான் வாங்கிக் கொடுத்தா சாப்பிடமாட்டீங்களா?" என்று சிரித்தேன். அவர் கரண்டியை எடுத்தார். ஒவ்வொரு வாயையும் மாத்திரைபோல விழுங்கினார். தட்டில் ஒரு துணுக்கும் மிச்சம் வைக்கவில்லை. வீட்டுக்கும் இரண்டு துண்டுகளைப் பெட்டியில் கட்டச்சொன்னேன். ஜெயித்தவனைப்போல நடந்து வந்தேன்.

மறுநாள் அவர் எதுவும் சாப்பிடவில்லை. விபூதியும் பூசவில்லை. வயிறு சரியில்லை என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மதியம் குளிர்பதனப் பெட்டியைத் திறந்த மருமகள், அட்டைப்பெட்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

"மாமா, இது யாரு வாங்கினது?"

"நான்தான். ஏன்?"

"இதுல முட்டை இருக்கு. அப்பாவுக்குக் குடுத்தீங்களா?"

அவள் குரல் நடுங்கியது. இத்தனை மாதங்களாக என்னிடம் சொல்லாமல் அடக்கியதெல்லாம் அந்த நடுக்கத்தில் ஏறி நின்றது. இன்னும் ஒரு சொல் போதும், அந்த வீடு இரண்டாகியிருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அறையிலிருந்து சம்பந்தி எழுந்து வந்துவிட்டார்.

"நான்தான் தாயி கேட்டேன். கண்ணாடிக்குள்ள பாத்தேன், ஆசையா இருந்துச்சு. மாமா வேண்டாம்னுதான் சொன்னாக."

"நீங்களாப்பா? நீங்களா கேட்டீங்க?"

"வயசான காலத்துல நாக்கு கேக்கத்தான செய்யும். போ, போய் மாப்பிள்ளைக்குக் காபி போடு."

அவள் நம்பினாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு, "லூசுப்பா நீங்க" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு, சத்தம் கேட்டு அறையிலிருந்து வந்த மகனையும் தொற்றியது. பல நாள் கழித்து அன்று இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அவரை ரயிலேற்ற நான் மட்டும் நாம்பள்ளி நிலையத்துக்குப் போனேன். பெட்டிக்குள் ஏறப்போனவர், பையை மார்போடு அணைத்தபடி நின்றார்.

"அந்தப் புள்ளியப் பாத்துட்டுத்தான் வாயில வச்சேன் சம்பந்தி. நீங்க முழங்கைய ஊணுததுக்கு முன்னாலயே பாத்துட்டேன். வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொன்னா உங்க மனசு கோணும். அந்தக் கோணல் எம்மேலயா விழும்? அவ மேலல்லா விழும். வேலையும் போயிட்டு. பிள்ளை எங்க போவா?"

குரலில் கோபம் இல்லை. கணக்குத் தீர்க்கும் தொனியும் இல்லை. என்னிடம் அவருக்கு இருந்தது பயம் மட்டுமே. மன்னிப்புக் கேட்பதற்கான நேரம் அதுதான். நான், "தண்ணி பாட்டில் வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். வேண்டுமென்றே மெதுவாக வாங்கினேன். திரும்பியபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. பால் காய்ச்சிய பாத்திரம் மட்டும் எங்கள் சமையலறையிலேயே தங்கிவிட்டது. சில ஆண்டுகளில் அவரும் போய்விட்டார்.

அந்த ரயிலடிக்குப் பிறகு மருமகளைப் பற்றி நான் யாரிடமும் குறை சொன்னதில்லை. அவளுக்கு மறுபடி வேலை கிடைத்தது, மகனும் மாறினான். தங்கமான மாமனார் என்று உறவில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை இத்தனை காலம் வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆண்டும் பெட்டி வந்தது. விளக்கேற்றி, தட்டைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "பாவம் அப்பா, இந்த ஆசைய எத்தனை வருஷம் அடக்கி வச்சிருந்தாரோ" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க இம்முறை முடியவில்லை. உட்காரச் சொன்னேன். முழங்கையிலிருந்து தண்ணீர் பாட்டில்வரை எதையும் விடாமல் சொன்னேன்.

நான் சொல்லி முடித்ததும் அவள் எழுந்தாள். படத்துக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்தாள். சமையலறைக்குப் போய், மேலடுக்கிலிருந்த அந்த எவர்சில்வர் பாத்திரத்தை இறக்கி, அலம்பி, பால் காய்ச்சிக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு அந்தத் தட்டை என் எதிரில் ஸ்டூலில் வைத்தாள்.

"சாப்பிடுங்க மாமா."

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துணுக்கும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.