எங்காத்துக் கடல்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் கத்தும்போது யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். இப்படிப்பட்டவள் கடல்மீன் தொட்டி வைத்தது மனசு அமைதியாக இருக்கட்டுமே என்றுதான். அமைதியா! அந்தத் தொட்டியை வைத்த பிறகு நான் போட்ட சத்தம் கரமனை ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும்.

எங்கள் வீடு கரமனையில் பழைய அக்ரஹாரத் தெருவில் இருக்கிறது. நீளம் உண்டு, அகலம் கிடையாது. இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீடுகளோடு பங்கு. வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் கணவர், அவருடைய அப்பா. நான் பழவங்காடியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கணவர் ஊர்க்கோடியில் இருக்கிற கழக்கூட்டத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார். மாமனார் ரிட்டையர் ஆகி ரொம்ப வருஷமாகிறது. பகல் முழுக்க வீட்டில் அவர் மட்டும்தான்.

சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச்சுவரில், மூன்றடி நீளத்துக்கு என் தொட்டி. கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் வழக்கமாக அதற்கு அடியில் இன்னொரு தொட்டி வைப்பார்கள். அதில் அழுக்கை நுரையாக்கி எடுக்கிற ஸ்கிம்மர், மோட்டார், குழாய், ஒயர் என்று ஐ.சி.யூ. போல இருக்கும். என்னுடையதில் மேலே ஒரு விளக்கு, தண்ணீரை அசைத்துக்கொண்டே இருக்க ஒரு சின்ன பம்ப், அவ்வளவுதான். மீதி வேலையைக் கல்லும் மணலும் செய்துகொள்ளும். கல்லின் நுண்ணிய ஓட்டைகளுக்குள் கிருமிகள் குடியிருந்து, மீன் கழிக்கிற அழுக்கைத் தின்று தீர்த்துவிடும். பெருக்கித் துடைக்க நாலைந்து நத்தைகளும், சங்கைச் சுமந்து திரியும் குட்டி நண்டுகளும். வாரா வாரம் நான் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவேன்.

ஏன் ஃபில்டர் வைக்கவில்லை என்றால், ஒன்று, இடமில்லை. இரண்டு, எங்கள் ஊரில் மழை கனத்தால் கரண்ட் போகும், மெஷின் குறைவாக இருந்தால் பயமும் குறைவு. மூன்றாவது, பட்டம் என்கிற பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு மலையாளிப் பையன், பெரிய பெரிய தொட்டிகளாக வைத்திருப்பவன், "ஃபில்டர் இல்லாதே நடக்காது சேச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். விடுவேனா?

அதே பையன்தான் எனக்கு முதல் பவளத்தையும் கொடுத்தான். கடலிலிருந்து பவளத்தை எடுத்துவந்தால் போலீஸ் வரும். இது அவன் தொட்டியில் வளர்ந்த மென்பவளத்தின் ஒரு துண்டு. என் தொட்டிக்கு வந்தபோது கட்டைவிரல் அளவு. மெல்ல மெல்ல வளர்ந்து, காளான் குடை மாதிரி விரிந்து, காலையில் விளக்குப் போட்டதும் மேலெல்லாம் மஞ்சள் பூம்பிஞ்சுகளை நீட்டி அசைய ஆரம்பித்துவிடும். ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்திலும் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பேன். அது தவிர, பண்ணையில் பொரித்த க்ளவுன் மீன் ஒரு ஜோடி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. யார் மேஜைக்கு வந்தாலும் கண்ணாடிக்கு ஓடிவந்து வாலை ஆட்டும். அவற்றுக்குக் காலையில் ஒரு சிட்டிகை குருணைத் தீனி. சுத்த சைவ வீடு எங்களுடையது. தீனி டப்பாவின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் மட்டும் படித்தேன், படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஃபில்டர் இல்லாத தொட்டிக்கு ஒரே ஒரு சட்டம்தான். தீனி அளவோடு போட வேண்டும். உள்ளே போனது வெளியே போக வேறு வழி கிடையாது.

ஒன்றரை வருஷம் ஜம்மென்று ஓடியது. பட்டத்துப் பையனுக்கு வாரம் ஒரு போட்டோ அனுப்பி அவன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன். அப்புறம்தான் வந்தது வினை. தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் போல மங்கியது. மணல்மேல் சிவப்பாக, வழவழவென்று ஒரு பாசி படர்ந்தது. சுரண்டி எடுத்தால் மறுநாள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். பவளம் குடையை மடக்கிக்கொண்டு, பூம்பிஞ்சு ஒன்றைக்கூட வெளியே நீட்டாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

சோதனை பண்ணிப் பார்த்தால், அழுக்கு மக்கிச் சேருகிற நைட்ரேட் எக்கச்சக்கம். மழைக்காலத்துக் கடல்நீரில்தான் கோளாறு என்று நினைத்து, கரையிலிருந்து கேனில் கொண்டுவருவதை நிறுத்தினேன். உப்புப் பொடி வாங்கி நானே கலக்கினேன். விளக்கு நேரத்தைக் குறைத்தேன். தீனியைப் பாதியாக்கினேன். ஊஹூம். நான் ஒரு பக்கம் குறைக்கக் குறைக்க, அழுக்கு இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டே போனது. கணக்கு பார்க்கிறவள் நான். வரவைக் குறைத்த பிறகும் இருப்பு ஏறினால் எனக்குத் தூக்கம் வருமா?

அதோடு ஒரு நாற்றம் வேறு. கடற்கரையில் வலை காயப்போட்ட இடத்தில் வருமே, அது. ஒருநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமி வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதே. உங்காத்துல ஏதானும்... கருவாடு மாதிரி?"

அக்ரஹாரத்தில் கருவாடு! என் கணவருக்கு முகம் செத்துப் போய்விட்டது. கோபமே வராத மனுஷர் அவர். எங்கள் இரண்டு பேர் கோபத்தையும் நானே படுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவரே வாயைத் திறந்தார்.

"ஃபில்டர் வாங்கி வை, இல்லேன்னா அந்தப் பட்டத்துப் பையன்கிட்ட தொட்டியைக் குடுத்துடு. வர ஞாயித்துக்கிழமை அவனை வரச் சொல்லியாச்சு."

"என்னைக் கேக்காம எப்படிச் சொல்லுவேள்?"

"கேட்டா நீ விடமாட்டே, அதான்."

ஃபில்டர் வைக்க அடியில் இடமில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்ணீர் தெளியவில்லை என்றால் தொட்டி போய்விடும். எனக்கு அழுகை வந்தது. அழுதால் கோபம் வரும், கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பேன். அன்றைக்குச் சமையலறையில் பளபளக்காத பாத்திரமே இல்லை.

மறுநாள் காலை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மணலை ஆராய்ந்தேன். ஒரு மூலையில் கருப்பாக, உருண்டையாக ஏதோ இரண்டு கிடந்தன. நத்தை முட்டை அப்படி இருக்காது. போட்டோ எடுத்துப் பட்டத்துப் பையனுக்கு அனுப்பினேன். உடனே போன் பண்ணினான்.

"சேச்சி, இது எந்தோ முட்டையாக்கும். தொடவேண்டாம் கேட்டோ. பொரிஞ்சா முழுசும் போச்சு."

நெடுக அதையே யோசித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், மதியத்துக்குத் தயிர்சாதம் பிசைந்து, தாளிக்கக் கரண்டியை அடுப்பில் வைத்தேன். எண்ணெய் காய்ந்தது. டப்பாவைத் திறந்து கடுகை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது.

அட ராமா! கடுகு!

தினமும் காலையில் மூன்று பேருக்கும் நான்தான் சாப்பாடு கட்டுகிறேன். இரண்டு டப்பா ஆபீசுக்குப் போய்விடும். மாமனாருடையது மட்டும் மேஜையில் மூடி இருக்கும், தொட்டிக்கு நேர் எதிரே. அவருக்குச் சர்க்கரை உண்டு. டாக்டர் சொன்ன அளவு ஒரு கரண்டி சாதம், அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது. அதையும் நான்தான் அளந்து வைப்பேன்.

புரிந்துவிட்டது. ஆனாலும் கையும் களவுமாகப் பிடிக்காமல் எனக்கு ஆறாது. தலைவலி என்று ஆபீசில் சொல்லிவிட்டு மத்தியானமே பஸ் ஏறினேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். சத்தமில்லாமல் கதவைத் திறந்து நடையில் நின்றேன்.

மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மீனும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. அவர் அவற்றோடு பேசிக்கொண்டே சாப்பிட்டார்.

"இன்னிக்கு மாங்கா ஊறுகா கேட்டேளா. உங்களுக்கு அது ஆகாது. செத்த இருங்கோ, வரேன்."

கடைசிக் கவளத்தில் நாலு பருக்கையைத் தனியே ஒதுக்கினார். டம்ளர் தண்ணீரில் அலம்பினார். எழுந்துபோய்த் தொட்டி மூடியைத் தூக்கினார்.

"அப்பா!" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

திருடன் மாதிரி திரும்பிப் பார்த்தார். கையில் பருக்கை.

"என்ன பண்றேள் நீங்க? என் பவளம் சாகக் கிடக்கு, தொட்டியே போகப் போறது, நீங்க தயிர்சாதம் போடறேளா?"

"அலம்பிட்டுத்தாம்மா போடறேன்."

"எத்தனை நாளா?"

"வெறுதே, சும்மாத்தான்... கொஞ்ச நாளா."

"தயிர்சாதம் மட்டுமா?"

"இட்லி பண்ணினா ஒரு விள்ளல்."

"பாயசம் பண்ணின அன்னிக்கு அதையும் ஊத்தினேளா?"

"சீ, சீ! சக்கரை அதுகளுக்கு ஆகாதே" என்றார், நான் ஏதோ விவரமில்லாமல் கேட்டுவிட்டது போல.

கத்துவதற்காகத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்து தொலைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையில் பருக்கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நான் அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? நீங்க ரெண்டு பேரும் போயாச்சுன்னா ஆத்துல ஒரு குரல் கிடையாது. சாப்பிட உக்காந்தா இதுகள் ரெண்டும் ஓடி வந்து என் தட்டையே பாத்துண்டு நிக்கறதுகள். அதுகளைப் பாக்க வச்சுண்டு நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது? தொண்டைல இறங்க மாட்டேங்கறது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அளந்து வைத்த ஒரு கரண்டிச் சாதத்திலிருந்து எடுத்துத்தான் போட்டிருக்கிறார். டப்பா நிறையத் தீனி பக்கத்திலேயே இருந்தும் அதைத் தொடவில்லை.

அவரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தொட்டியில் ஃபில்டர் இல்லை, போட்டதெல்லாம் உள்ளேயே கிடந்து அழுகும், கல்லில் இருக்கிற கிருமிகளால் ஓர் அளவுக்கு மேல் தின்ன முடியாது என்று. கவனமாகக் கேட்டார்.

"என் ஒடம்பு மாதிரிங்கறே" என்றார். "ஒரு கரண்டி கூடினா டாக்டர் கத்தறார் பாரு, அதே கேஸ்."

அதைவிட நன்றாக எந்தப் புஸ்தகத்திலும் நான் படித்ததில்லை.

அந்த வாரம் முழுக்க மணலைக் குழாய் வைத்து உறிஞ்சினேன், தண்ணீரைப் பாதி மாற்றினேன், சிவப்புப் பாசியை வழித்து எறிந்தேன். மீனுக்கு உபவாசம். மாமனார் வாளி பிடித்தார். கணவரிடம் இரண்டு பேருமே ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நாற்றம் போய்விட்டது. சனிக்கிழமை பவளம் மேல்தோலை மெழுகுத்தாள் மாதிரி உரித்துப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கைப் போட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஓரத்தில் ஒரு பூம்பிஞ்சு எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. பட்டத்துப் பையன் வந்து சேர்வதற்குள் குடை முக்கால்வாசி விரிந்திருந்தது.

குனிந்து பார்த்தான், முகர்ந்து பார்த்தான். "ஃபில்டர் ஒளிச்சு வச்சிருக்கா?" என்று அடியில் கைவிட்டுக்கூடத் தடவினான்.

"கொண்டு போக வேண்டிய காரியமில்லை சார்" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டான். கணவர் என்னைப் பார்த்து, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரை மன்னித்துவிட்டேன்.

மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்போதுதான் கவனித்தேன், மாமனார் நாற்காலியை மேஜையின் இந்தப் பக்கம் போட்டுக்கொண்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏன்பா இடம் மாறிட்டேள்?"

"இந்த வாரம் பூரா இப்படித்தான். அதுகள் முகத்தைப் பாத்தாத்தானே கஷ்டம்" என்றார். சொல்லிவிட்டுக் குனிந்து சாப்பிட்டார்.

அப்படியானால் வாரம் முழுக்க, ஆளில்லாத வீட்டில், வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். என் தொட்டி பிழைத்ததில் நான் துள்ளிக்கொண்டிருந்தேன்.

எழுந்துபோய்த் தீனி டப்பாவையும் ஒரு சின்ன உப்புக் கரண்டியையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"காலைல நான் போடறதை நிறுத்திட்டேன். இனிமே ஒரு வேளைதான், மத்தியானம். இந்தக் கரண்டியால ஒண்ணு. நீங்கதான் போடணும். போட்டுட்டு அதுகளைப் பாத்துண்டே சாப்பிடுங்கோ."

"ஒண்ணுதானே? ரெண்டாவது கேட்டா?"

"டாக்டர் கத்துவார்னு சொல்லுங்கோ."

அவர் அப்போதே எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆபீசில் ஒரு கம்பெனியின் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் போன் அடித்தது. மாமனார். பகலில் அவர் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது. பதறிப்போய் எடுத்தேன்.

"ஒண்ணுமில்லை, பதறாதே. அதுகள் ரெண்டும் சாப்டாச்சு. நான் உக்காந்துட்டேன். நீ சாப்டியோ?"

சாப்பிடவில்லை. டப்பா கட்டினபடியே கிடந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன், டப்பாவைத் திறந்தேன்.

"இதோ, நானும் உக்காந்துட்டேம்பா. சாப்பிடுங்கோ" என்றேன்.