முழங்காலுக்கு வந்த அம்மை

என் மகளுக்கு அரசு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தபோது முதலில் பயந்தேன், அப்புறம்தான் சந்தோஷப்பட்டேன். நீளம் தாண்டுதலில் மாவட்டத்தில் முதலாவதாக வந்திருந்தாள். மதுரையில் தங்கி பள்ளிப் படிப்பு, முட்டை, பால், கறி, அடியில் ஆணி வைத்த ஷூ, எல்லாம் அரசாங்கச் செலவு. கப்பலூரில் ரப்பர் வாஷர் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற நானும், கொஞ்சம் நெல் போடுகிற என் வீட்டுக்காரரும் தலைகீழாக நின்றாலும் அந்த ஷூவை வாங்கியிருக்க முடியாது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அரசாங்கம் கொடுப்பதை வாங்கிப் பழகிய குடும்பம் எங்களுடையது. ரேஷன் கார்டில் மாமியார் பெயர் திடீரென்று காணாமல் போய், தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்திருக்கிறேன். பெண்களுக்கான மாதப் பணம் எனக்கு வருகிறது, நாத்தனாருக்கு வரவில்லை. ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கொடுக்கிற கை எப்போது மூடும் என்று தெரியாதவர்கள் அதன் முன்னால் இருமக்கூட மாட்டார்கள். விடுதியில் கொடுத்த நாலு பக்க விதிமுறைகளைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். வருடத் தேர்வில் தூரம் குறைந்தால் நீக்கம். அனுமதியில்லாமல் வெளியில் போட்டியிட்டால் நீக்கம். திரும்பிய பக்கமெல்லாம் நீக்கம்தான்.

அவ்வளவும் படித்த நான்தான் பொங்கல் லீவில் அந்தக் காரியத்தைச் செய்தேன். எங்கள் ஊர்ப் பையன்கள் மைதானத்தில் விளையாட்டுப் போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். "பொட்டப்பிள்ளையக் குதிக்க விட்டுட்டு என்ன பெரும வேண்டிக் கெடக்கு" என்று நாத்தனார் காதுபடச் சொன்னாள். அவள் வாயை அடைக்க வேண்டும் எனக்கு.

"வேணாம்மா. கோச் மேடம் திட்டுவாங்க. விழுற எடத்துல மண்ணக்கூட கொத்திப் போடல" என்றாள் மகள்.

"யாரு போயிச் சொல்லப் போறா? ஒரே ஒரு தாண்டுத்தா. உங்க அத்தை பாக்கட்டும்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். தாண்டினாள். ஊரே கை தட்டியது. நானும் தட்டினேன். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் முழங்கால் வீங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்றார் வீட்டுக்காரர். "எப்புடி விழுந்தான்னு கேட்டுச் சீட்டுல எழுதுவாங்க. விடுதிக்குத் தெரிஞ்சா அம்புட்டுத்தான், பெட்டியத் தூக்கி வெளிய வச்சிருவாங்க" என்று மறித்தேன். என் பேச்சுதான் எடுபட்டது. மேலூர்ப் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவரிடம் கூட்டிப்போனோம். அவர் அமுக்கிப் பார்த்து, பிசகுதான், மூன்று கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசித் துணி சுற்றினார்.

மூன்று கட்டுக்கு மூன்று வாரம். விடுதிக்கு என்ன சொல்வது? காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு கேட்பார்கள். அம்மை என்றால் கேட்க மாட்டார்கள். பார்க்க வர மாட்டார்கள், சீக்கிரம் அனுப்பு என்றும் சொல்ல மாட்டார்கள். பயிற்சியாளருக்குப் போன் போட்டு, பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்றேன்.

"ஐயோ, நல்லாத் தேறட்டும்மா. தண்ணி ஊத்தி முடிச்சே அனுப்புங்க. எளநீ நெறையாக் குடுங்க" என்றார் அந்த மேடம், பாவம்.

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவள் விழுந்தது ஊருக்கே தெரியும். இருந்தாலும் ஆத்தா பேரில் பொய் சொன்ன பயத்தில் நிலைவாசலில் வேப்பிலை செருகி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து வீக்கம் வடிந்திருந்தது. ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, நொண்டாமல் என் முன்னால் நடந்து போனாள். கட்டு கேட்டுவிட்டது என்று நம்பினேன். நம்ப வேண்டிய அவசியம் எனக்கு இருந்தது.

வருடத் தேர்வுக்கு முந்தைய வாரம், பயிற்சியில் ஓடிவந்து தாண்டும் பலகையில் காலை ஊன்றியவள் அப்படியே மடிந்து விழுந்தாள். மேடம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், உள்ளே இருக்கிற நார் எப்போதோ அறுந்துவிட்டது, அறுந்த காலோடு ஓடியதில் மூட்டும் நைந்துபோயிருக்கிறது என்றார். அன்றைக்கே வந்திருந்தால் ஒரு ஆபரேஷனோடு அடுத்த வருடம் திரும்பத் தாண்டியிருக்கலாம். இனிமேல் ஆபரேஷன் செய்தாலும் நடக்கலாம், படி ஏறலாம். தாண்ட முடியாது.

வராந்தாவில் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"ஒரு போன் போட்டிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேனேம்மா. நம்ம பிள்ளைகளுக்கு வைத்தியச் செலவு அரசாங்கந்தான் பாக்குது. போன வருசம் ரெண்டு பிள்ளைகளுக்கு இதே ஆபரேஷன். ரெண்டும் இப்ப ஓடுதுக."

"வெளிய குதிச்சா நீக்கம்னு போட்டிருந்துச்சே மேடம்?"

"அது ஒரு பயத்துக்குப் போடுறதும்மா. அதுக்காக யாரையும் அனுப்புனதில்ல."

எனக்குக் கோபம் பொங்கியது. நாலு பக்கத்துக்கு நீக்கம் நீக்கம் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, அடிபட்டால் சொல்லுங்கள், பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு வரி எழுதக் காகிதமா இல்லாமல் போய்விட்டது? அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் பிள்ளையின் கால் போயிருக்காது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன் என்றும் தெரிந்தே இருந்தது. கொத்தாத மண்ணில் அவளைத் தாண்டச் சொன்னது அரசாங்கம் இல்லை.

ஆபரேஷன் அரசாங்கச் செலவில் முடிந்தது. நாலாம் நாள் வார்டில் அவள் காலுக்குக் கீழே தலையணையைச் சரிசெய்துகொண்டே கேட்டேன்.

"திரும்பிப் போனப்ப மேடம் உன்ட்ட ஒன்னும் கேக்கலையா?"

"கேட்டாங்க. ஏன் கால ஒரு மாதிரி வைக்கிற, வலிக்குதான்னு ரெண்டு தடவ கேட்டாங்க."

"வலிச்சுச்சா?"

"மொத நாள்லருந்தே."

"அப்பவே சொல்லியிருக்கலாமேத்தா."

அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்கம்மா பொய் சொல்லுச்சுன்னு நான் எப்புடிம்மா மேடத்துக்கிட்ட சொல்லுவேன்?"