சாவியைத் தொடாமல்

என் வீட்டுக்காரர் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினவர். இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிடுவார். பெட்ரோல் மிச்சமாகும் என்று அப்போது பல டிரைவர்கள் செய்ததுதான். அதற்கு உருட்டு என்று பேர். சாவியைத் திருப்பியதும் கொத்தில் தொங்கும் பித்தளை வேல் ஒரு தரம் கிணுங்கும். பிறகு டயர் ரோட்டில் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

"த பாரு, சும்மா போவுது வண்டி. சாமி புண்ணியம்" என்று சிரிப்பார்.

எண்பத்தொன்பது வாக்கில் எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். செங்கம் ரோட்டுப் பக்கம் அப்போது வெறும் காடு. நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டுதான் ஸ்டீயரிங் பிடிப்பேன். "உன்ன இங்க யாரு பாக்கப் போறா, மாடுதான் பாக்குது. ரோட்ட பாரு" என்பார். செருப்பு போட்டால் எனக்குக் கால் மரத்துப்போன மாதிரி இருக்கும். வெறுங்காலோடு ஓட்டினேன். லைசென்ஸும் எடுத்துக் கொடுத்தார்.

சில வருஷம் கழித்து மலை மேல் இருக்கிற ஜமுனாமரத்தூருக்கு ஒரு சவாரி வந்தது. வந்தவர்களை மேலே விட்டுவிட்டு வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டியிருந்ததால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பின் சீட்டில் ஒரு பலாப்பழம் வாங்கிப் போட்டிருந்தோம். இறங்கும்போது உருட்டினார். பாதி மலையில் பிரேக் சூடேறிக் கருகிய வாடை வந்தது. அவர் பெடலை மிதித்து மிதித்துப் பார்த்தார், பிடிக்கவில்லை. இன்ஜின் ஓடினால் கியரில் போட்டு வண்டியை அடக்கலாம் என்று சாவியைத் திருப்பினார். கர்ர் என்றது. மறுபடியும் திருப்பினார். கர்ர் என்று இழுத்து நின்றுபோனது. அவர் கடைசியாகப் பார்த்தது என்னை இல்லை, சாவியைத்தான். வளைவில் ஒரு புளியமரம். மோதிய வேகத்தில் என் பக்கத்துக் கதவு திறந்து நான் வெளியே விழுந்தேன். அவர் உள்ளேயே இருந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கர்ர் எங்கே வேண்டுமானாலும் வந்தது. பக்கத்து வீட்டு மோட்டாரில் தண்ணீர் ஏறாதபோது வந்தது. மாவு மெஷின் கரண்ட் போய் நிற்கும்போது வந்தது. பிடிக்குமா, பிடிக்காதா என்று கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு நின்றுகொண்டிருப்பேன்.

ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தேன். மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவர் தமிழ் பேசுவதெல்லாம் என்னிடமும் கீரைக்காரியிடமும் கற்றது. அதனால் எங்களை மாதிரியே "இன்னா, ஏது" என்றுதான் பேசுவார்.

என் மகள் படித்து டீச்சரானாள். வேலை ஜமுனாமரத்தூரில் கிடைத்தது. நான் ஒரு தரம்கூடப் போகவில்லை. ஒரே ஒரு முறை பஸ் ஏறினேன், மலை தொடங்குவதற்கு முன்பே இறங்கிவிட்டேன். அவள்தான் என்னைப் பார்க்க வருவாள். அங்கேயே வீடு கட்டி முடித்ததும் வந்து நின்றாள்.

"எம்மா, பால் காய்ச்சணும். நீதான் பொங்க வெக்கணும்."

"நீயே வெச்சுக்கடி. நான் இங்கேருந்து சாமி கும்பிட்டுக்கறேன்."

"நீ வர்ற வரைக்கும் அந்த வீட்ல அடுப்பு பத்தாது. பூட்டியே கெடக்கட்டும், பல்லி குடி போவட்டும். அப்பாதான் இல்ல, நீயும் இல்லன்னு நெனைச்சுக்கறேன், போ."

காபியைக் குடிக்காமலே போய்விட்டாள். ஒரு மாதம் பேசவில்லை. வீடு பூட்டியே கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேடம் வெளிநாட்டிலிருந்து ஒரு கார் வரவழைத்தார். பெட்ரோலும் உண்டு, கரண்டும் உண்டு. மேடத்துக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் ஓட்ட முடியாது. நாள் சம்பளத்துக்கு வரும் ஆக்டிங் டிரைவர்களைக் கூப்பிட்டார். மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் அந்தக் கார் தானாக இன்ஜினை அணைத்துக்கொள்ளும். வந்தவர்கள் "மேடம், வண்டி ஆஃப் ஆயிடுச்சு" என்று பதறிச் சாவியைத் திருப்புவார்கள். அப்போதுதான் அது நிஜமாகவே ஆஃப் ஆகும். பெரிய தெருவில் பஸ்ஸுக்கு முன்னால் அப்படி நின்றுபோனதும், "செத்துச் செத்துப் பொழைக்கிற வண்டி, நமக்கு வேணாம் மேடம்" என்று கையெடுத்துக் கும்பிட்டு ஒருவர் போய்விட்டார்.

இன்னொரு டிரைவர் ஓட்ட, மேடத்தோடு நானும் ஒரு நாள் அதில் உட்கார்ந்து போனேன். இன்ஜின் அடங்கியது. டயர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. என்னை அறியாமல் சாவியைப் பார்த்தேன். சாவி திருப்பினபடியே இருந்தது. யாருடைய கையும் அதன் மேல் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

இறங்கியதும் மேடம் விடவில்லை. மலையில் நடந்தது எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். மகள் வீடு பூட்டிக் கிடப்பதையும் சொன்னேன்.

"அடுத்தவன் கால் பெடல்ல இருந்தா உனக்கு பயம். அப்ப உன் கால வை" என்றார்.

"எனக்கு வயசாயிடுச்சு மேடம். ஜனங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். இன்னா இப்ப?"

லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுத்தார். விடியற்காலையில் கிரிவலப் பாதையில் ஆள் குறைவாக இருக்கும்போது ஓட்டிப் பழகினேன். பக்கத்தில் மேடம் கைத்தடியோடு உட்கார்ந்திருப்பார். மறுபடியும் முந்தானை தலைக்குப் போனது. செருப்பைக் கழற்றிவிட்டேன்.

அந்த ஆக்சிலேட்டரை முதலில் லேசாக அமுக்கினால் சத்தமே இல்லாமல் வண்டி நகரும். அது கரண்ட். இன்னும் கொஞ்சம் அமுக்கினால் ஓரிடத்தில் உள்ளங்காலில் ஒரு நடுக்கம் வரும். காதுக்குச் சத்தம் வருவதற்கு முன்பே காலுக்குத் தெரிந்துவிடும், இன்ஜின் கண் விழிக்கிறது என்று. காலைக் கொஞ்சம் தளர்த்தினால் மறுபடி தூங்கிவிடும். முழுதாக எடுத்தபோதுதான் எனக்கு முதல் நாள் தூக்கிவாரிப் போட்டது. வண்டி உருளவில்லை. பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்த மாதிரி மெல்ல இழுத்தது.

"யாரு இழுக்கறா மேடம்?"

"யாரும் இல்ல. சக்கரம் சுத்தறதுல பேட்டரிக்கு கரண்ட் ஏறுது. அதான் புடிக்குது."

சொன்னது புரிந்தது. ஆனாலும் கால் எடுக்கும்போதெல்லாம் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்ப்பேன். இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்த நிசப்தம் பிடிமானம் இல்லாதது. இதில் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது.

பால் காய்ச்ச வருகிறேன் என்று மகளுக்குச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மேடமும் நானும் காரில் ஜமுனாமரத்தூர் மலை ஏறினோம். மகள் வாசலில் நின்றிருந்தாள். நான் டிரைவர் பக்கமிருந்து இறங்கியதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எம்மா! நீயா ஓட்டினு வந்த? முக்காடு வேற. யாரோ பாய் வீட்டம்மான்னு நெனைச்சேன்!"

பால் பொங்கியது. மகள் அழுதுகொண்டே சர்க்கரையை ஜாஸ்தியாகப் போட்டுவிட்டாள். எனக்கு அதெல்லாம் நெஞ்சில் தங்கவில்லை. ஏறுவது ஏறியாயிற்று, இறங்க வேண்டுமே என்றுதான் இருந்தது. மகளும் எங்களோடு கீழே வருவதாகச் சொல்லிப் பின் சீட்டில் ஏறினாள். மேடத்துக்கு என்று ஒரு பலாப்பழத்தை மடியருகே வைத்துக்கொண்டாள். நான் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டேன்.

இறக்கத்தில் காலை எடுத்தேன். இன்ஜின் அடங்கியது. டயர் சத்தம். பலாப்பழ வாசனை. உள்ளங்காலில் ஒன்றுமே இல்லை, ஆனால் இழுப்பு இருந்தது. பிடித்துக்கொண்டே வந்தது. வளைவுக்கு வளைவு அதையே நம்பி இறங்கினேன்.

பாதி மலை இறங்கியதும் இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. காலுக்குத் தெரிந்தது. முந்தானையைப் பிடித்திருந்த கை தளர்கிற மாதிரி. எதிரே புளியமரம். பட்டையில் தழும்பு அப்படியே இருந்தது. பிரேக்கில் கால் வைப்பதற்குள், சாவியை யாரும் தொடாமல், ஆக்சிலேட்டரில் காலே இல்லாமல், இன்ஜின் பிடித்தது. கர்ர் என்று இழுக்கவில்லை. ஒரே மூச்சில் பிடித்து ஓங்கிச் சத்தம் போட்டு வண்டியை அடக்கியது. மரத்தை மெதுவாகத் தாண்டினோம்.

"பேட்டரி நிறைஞ்சி போச்சு. இனிமே இன்ஜின்தான் வண்டிய புடிக்கும். இறக்கத்துல அப்பிடித்தான்" என்றார் மேடம்.

"எம்மா, இன்னா இவ்ளோ சத்தம்? ஏன் இப்பிடிக் கத்துது?" என்றாள் மகள்.

"புடிச்சிச்சுடி" என்றேன். "இப்பதான் புடிச்சிச்சு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சாவியைப் பார்த்தேன். அந்தக் கொத்தில் வேல் எதுவும் கிடையாது, மேடத்தின் பீரோ சாவி ஒன்றுதான் கூட இருந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது.