நோன்பு மாதத்துப் பிப்பெட்

சாயல்குடிப் பக்கம் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பெண் நான். கடற்கரையோரம் புதிதாகத் தொடங்கியிருந்த இஸ்லாமிய இன்டர்நேஷனல் ஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சராகச் சேர்ந்தபோது எங்க அய்யா, "அங்கன போயாவது வாயை அடக்கு தாயி" என்று மட்டும்தான் சொன்னார். அடக்கினேனா? எங்கே!

காலையில் இரண்டு மணி நேரம் குர்ஆன் மனப்பாடம், அப்புறம் எங்கள் பாடங்கள். பதினொன்றாம் வகுப்பில் ஒருத்தி இரண்டிலும் கெட்டி. ஆனால் மனப்பாட வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விதி இருந்தது. காலாண்டில் சயின்ஸ் மார்க் சரிந்தால் ஆர்ட்ஸ் குரூப்புக்குப் போய்விட வேண்டும். அவளுக்கோ டாக்டர் ஆசை.

அந்த வருஷம் காலாண்டு பிராக்டிகல் நோன்பு மாதத்தில் வந்தது. பிப்பெட் என்கிற கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, இருபது மில்லி கரைசல் எடுக்க வேண்டும். இவள் மட்டும் அளவு ஜாடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அளவு பிசகி, தடவைக்கு ஒரு ரீடிங் வந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏன்டி, பிப்பெட்டை என்ன அழகுக்கா வச்சிருக்கு? சோம்பேறிக் கழுதை!" என்று எல்லார் முன்னாலும் கத்தி, பேப்பரில் முட்டை போட்டேன். அவள் ஜாடியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து, குரூப் மாற்றும் படிவத்தோடு அவளுடைய அம்மா வந்து நின்றார். அரபி டீச்சர்தான் என்னிடம் சொன்னார்: "நோன்பு வச்ச பிள்ளை எப்படி டீச்சர் வாயால உறிஞ்சும்? ஒரு சொட்டு உள்ள போயிட்டா?" மற்ற பிள்ளைகள் பயந்து பயந்து உறிஞ்சியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அட மண்டூகமே! பகலில் ஒருத்தரும் தண்ணீர் குடிக்காத ஸ்கூல் என்று தெரிந்துதானே ஸ்டோர் ரூமில் ஒளிந்து டீ குடித்தேன்! வெட்கமாகப் போயிற்று.

பிரின்சிபாலிடம் போய், தப்பு என்னுடையது, மறுபடி பிராக்டிகல் வைக்க வேண்டும் என்றேன். "எழுதிக் கொடுங்க" என்றார். கொடுத்தேன்.

மறுநாள் லேபில் நானே உறிஞ்சி, விரலால் மூடிப் பிடித்தேன். அவள் குனிந்து குழாயில் இருபது மில்லிக் கோட்டைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் இறக்குங்க டீச்சர், ம், போதும்" என்றாள். மூன்று ரீடிங்கும் ஒன்றுபோல வந்தன. அவள் அம்மா படிவத்தைக் கிழித்துப் போட்டார்.

சந்தோஷம் தாங்காமல், "ஏத்தா, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லையே டீச்சர்," என்றாள். "கழுதைன்னு வஞ்சீங்க, அவ்வளவுதான்."