வட்டக் கள்ளன்

அந்தத் தகர வாளியைத் தலைவர் ஐயாதான் என் கையில் தந்தார். அதில் அரைவாசிக்குச் சுண்ணாம்பு கரைத்திருந்தது. கரைத்ததும் அவர்தான், முழங்கை வரைக்கும் வெள்ளை. “தம்பி, பெரிய முதிரை மரம் ஒண்டும் விடாமல் வட்டம் போடும். நெஞ்சளவு உயரம். சுத்தி வந்து முட்டவேணும், இடைவெளி விடக்கூடாது” என்றார். நான் வாளியை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றேன். எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்ட மரம் என்றால் வெட்டலாம் என்று அர்த்தம். மரம் அரிகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் அறுக்கிற வாளை வைப்பார்கள். ஐயா அதே வட்டத்தை வெட்டக்கூடாத மரத்துக்குப் போடச் சொன்னார்.

பிள்ளைகளே, இது வன்னியில் உடையார்கட்டுப் பக்கம் நாங்கள் இருந்தபோது நடந்தது. யாழ்ப்பாணத்துச் சனம் சண்டையால் இடம்பெயர்ந்து வந்து மரத்துக்கு ஒரு குடும்பமாய் இருந்த காலம். நீங்கள் அப்போது பிறக்கவில்லை. குடியிருக்கும் கொட்டிலுக்குத் தடி, அடுப்புக்கு விறகு, எல்லாவற்றுக்கும் காடுதான். இப்படியே போனால் காடு மிஞ்சாது என்று சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். தலைவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். செயலாளர் ஒரு ஆசிரியை, எல்லோருக்கும் அவ அக்கா. நான் அவர்களிடம் காட்டுக் காவலுக்கு நின்றேன்.

ஐயாவைப் பற்றிப் பொய் எழுத எனக்கு மனமில்லை. காட்டில் அவருக்கு உண்மையான விருப்பம் இருந்தது. ஒருமுறை மரம் ஏற்ற வந்த உழவு இயந்திரத்துக்கு முன்னால் சைக்கிளைப் போட்டுவிட்டு நடுத்தெருவில் குந்தியிருந்தார். “என்னை ஏத்திப்போட்டு மரத்தை ஏத்துங்கோ” என்றார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அன்றைக்கு எனக்கு அவர் மேல் இருந்த மதிப்பை நினைத்தால் இன்றைக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

வாளியோடு நின்ற நான் மெல்லச் சொன்னேன். “ஐயா, வட்டம் போட்டால் வெட்டச் சொல்லுற குறி எண்டெல்லோ சனம் நினைக்கும்.”

ஐயா சிரித்தார். “இனி இந்தக் காட்டில வெட்டுற மரம் எண்டு ஒண்டு இல்லைத் தம்பி. பிறகென்ன குழப்பம்?”

செயலாளர் அக்காவும் சிரித்தா. “நாளைக்கு ஊருக்கு அறிவிச்சு விடுவம், நீங்கள் போடுங்கோ” என்றா. நான் போட்டேன். ஊருக்கு அறிவிக்கிற அந்த ‘நாளை’ வரவேயில்லை.

அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். என் அக்காவின் புருசன், உங்களுக்கு மாமா முறை. எங்களைப் போல மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்துக்குப் பயந்து உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தவர். மரம் அரிகிறதுதான் தொழில். பெரிய வாளின் ஒரு பிடியை அவர் பிடிப்பார், மற்றப் பிடியை உங்கள் மாமி. “வீட்டுல என்னைய இழுக்குறா, காட்டுல வாள இழுக்குறா” என்று சொல்லிச் சிரிப்பார். கூலிக்கு வேறு ஆள் வைக்க வழியில்லை. அந்த ஒரு வாளில்தான் மூன்று பிள்ளைகளின் சோறு இருந்தது.

இடம்பெயர்ந்த பிள்ளைகள் மண்ணில் இருந்து படித்தார்கள். பிள்ளைகள் ஏறி இருக்க நீள வாங்குப் பலகை செய்யவென்று பள்ளிக்கூடத்தார் ஆறு மரம் தரும்படி கேட்டார்கள். சங்கம் மறுக்கவில்லை. செயலாளர் அக்கா அத்தானைக் கூப்பிட்டு ஒரு அனுமதித் துண்டு எழுதிக் கொடுத்தா. துண்டு இல்லாமல் ஒரு தடியும் வெட்ட ஏலாத காலம் அது. வழமையாக எழுதும் வசனத்தையே கை பழகினபடி எழுதிவிட்டா: ‘குறியிட்ட மரங்களை மட்டும் வெட்டலாம்.’ தலைவர் கீழே கையெழுத்து வைத்தார். காட்டில் அப்போது இருந்த ஒரே குறி நான் போட்ட வட்டம். எழுதினவவுக்கும் அது ஞாபகம் வரவில்லை, கையெழுத்து வைத்தவருக்கும் வரவில்லை.

எனக்கு அந்தக் கிழமை முழுக்க மலேரியா. சாக்குப் போட்டு மூடியும் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். என் அக்கா கஞ்சி கொண்டுவந்தா. “தம்பி, ஒங்க சங்கத்துல நல்ல மனசுடா. எவ்வளவு பெரிய மரமாப் பாத்து வட்டம் போட்டு வச்சிருக்காங்க! பள்ளிக்கூடத்துக்குன்னா சும்மாவா” என்று சொன்னா. கஞ்சியைத் தள்ளி வைத்தேன். எழும்பிக் காட்டுக்கு நடந்தேன், பாதி வழி தவழ்ந்தும் போனேன். ஆறு முதிரையும் படுத்துக் கிடந்தன. மஞ்சள் மரத்தூள் வாசம் காடு முழுக்க. வட்டத்துக்குச் சரியாக ஒரு சாண் கீழே அறுத்திருந்தார்கள். அத்தான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “வாளுக்கு இந்த மாதிரி மரம் கெடைச்சு எத்தன வருசம்!” என்றார். நான் போட்ட வெள்ளை வட்டத்தைக் கையால் தடவிப் பார்த்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் சங்கக் கந்தோர்க் கட்டிடத்துக்கு முன்னால் கூட்டம். கதிரையில் நிர்வாகம், மண்ணில் சனம். அத்தானும் அக்காவும் நடுவில் நின்றார்கள்.

“வட்டம் போட்ட மரத்தை வெட்டுற விசரனும் இருப்பானே?” என்று ஐயா கேட்டார்.

“வட்டம் போடாத மரத்த வெட்டுனாத்தாங்க ஐயா கட்டி வச்சு அடிப்பாங்க” என்றார் அத்தான். உண்மையைத்தான் சொன்னார். சிலர் சிரித்தார்கள். ஐயாவின் முகம் கறுத்தது.

“உவங்களுக்குக் கொழுந்து கிள்ளத் தெரியும், காட்டைப் பற்றி என்ன தெரியும்?” என்று பின்னால் ஒரு குரல். ஐயா அதைத் தடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனை ஆயிரம் பிள்ளைகளை ‘அப்பிடிக் கதைக்காதே’ என்று திருத்தியிருப்பார்! அன்றைக்கு அவருக்கு அந்தக் குரல் வசதியாக இருந்தது.

என் அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தா. “ஐயா, நீங்க குடுத்த துண்டு இருக்குங்க. நீங்களே படிச்சுப் பாருங்க.”

“தாங்கோ பாப்பம்” என்று செயலாளர் அக்கா கை நீட்டினா. வாங்கினா. படித்தா. அவவின் கண் அந்த ஒரு வரியில் நின்றதை நான் கண்டேன். தலைவரைப் பார்த்தா. பிறகு துண்டை மடித்துக் கோப்புக்குள் வைத்து நாடாவைக் கட்டினா. “துண்டில ஒரு பிழையும் இல்லை” என்றா.

நான் எழும்பினேன். “ஐயா, வட்டம் போடேக்கயே நான் உங்களுக்குச் சொன்னனான்...”

“தம்பிக்குக் காய்ச்சல் இன்னும் விடேல்லைப் போல” என்றார் ஐயா. கூட்டம் முழுக்கச் சிரித்தது. நான் திரும்ப மண்ணில் இருந்துவிட்டேன். பிள்ளைகளே, அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் மண்ணில் இருந்திருக்கக் கூடாது. காய்ச்சல் விட்டுப் பல வருசமாகியும் இதை நினைத்தால் உடம்பு கொதிக்கிறது.

வாளைச் சங்கம் பறித்தது. அவர்கள் குடியிருந்த காட்டோரக் காணியை விட்டு எழும்பச் சொன்னது. அந்த ஆறு மரத்தையும் வேறு ஆட்கள் அரிந்தார்கள். வாங்கு வந்தது. ஒவ்வொரு வாங்கிலும் சங்கத்தின் பெயரை எழுதினார்கள். அத்தானுக்கு ஊர் வைத்த பெயர் ‘வட்டக் கள்ளன்’. மரவேலைக்கு ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. வயல் வரம்பு கட்டவும் மற்றவர்களின் விறகு சுமக்கவும் போனார். அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், அவர் வெட்டின மரத்து வாங்கில் இருந்து, அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஐயா இப்போது இல்லை. காட்டைக் காத்தவர் என்று அவரைப் பற்றி மேடையில் பேசுகிறார்கள். பேசட்டும், காத்தவர்தான். ஆனால் ஒரு மரம் விழுந்ததற்கு அழுகிற மனிசன், தன் கையெழுத்தால் ஒரு குடும்பம் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு எப்படி இருந்தார்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காட்டுக்குப் பேச வாயில்லை, அதனால் அதை நேசிப்பது சுகம். அத்தானுக்கு வாய் இருந்தது. அவர் வாய் திறந்து உண்மையைச் சொன்னதுதான் குற்றமாயிற்று.

அந்த வருசம் மாரி மழைக்கு முன் ஒருநாள் ஐயா என் வீட்டுக்கு வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி நின்றார். சுற்றிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

“நீர் சொன்னது சரி தம்பி. பிழை எங்கட பக்கம்தான். ஆனா சங்கத்தின்ர பேர் கெட்டால் நாளைக்கு ஆர் எங்கட சொல்லைக் கேப்பினம்? காடு போயிடுமெல்லோ.”

“எனக்கு ஏன் ஐயா சொல்லுறீங்கள்? அத்தானுக்குச் சொல்லுங்கோ. கூட்டத்தில வேண்டாம். அவற்ற பிள்ளையளுக்கு முன்னால மட்டும் சொல்லுங்கோ, அவ்வளவு காணும்.”

“சொல்லலாம்தான். அவர் இப்ப எங்க இருக்கிறாரோ தெரியாதே...”

“இந்தத் தெருவால நேர போங்கோ. மதகு தாண்டி வலப்பக்கம், மூண்டாவது கொட்டில். இப்ப வீட்டிலதான் நிப்பார்.”

ஐயா அந்தத் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் நின்ற இடத்திலிருந்தே மதகு தெரிந்தது. ஊன்றியிருந்த காலை எடுத்து மிதியில் வைத்தார். சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே மிதித்துப் போனார்.