யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்

கத்துவதில் எனக்கு இணை எங்கள் தெருவிலேயே கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரே அப்படித்தான் சொல்லும். மொட்டை மாடியில் நின்று நான் என் அப்பாவை, எங்கள் வழக்கில் அத்தாவை, கூப்பிட்டால், சத்திரம் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிற அத்தா திரும்பிப் பார்ப்பார் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அத்தாவின் தம்பி, அதாவது எங்கள் சாச்சா, மைக் செட் கடையில் வேலை பார்த்தவர். அவருடைய தீர்ப்பு வேறு மாதிரி இருக்கும். “உனக்கெல்லாம் ஆம்ப்ளிஃபயரே வேணாம் புள்ள. உன்னையே தூக்கிக் கம்பத்துல கட்டிவிட்டாப் போதும்” என்பார்.

சாச்சா என்றால் எனக்கு உயிர். அதற்குக் காரணம் இருந்தது. மாதா கோயில் திருவிழாவோ, தர்கா சந்தனக்கூடோ, கட்சிக் கூட்டமோ, எதுவாக இருந்தாலும் குழாய் ஸ்பீக்கரைத் தோளில் போட்டுக்கொண்டு குரங்கு மாதிரி கம்பத்தில் ஏறிக் கட்டிவிட்டு இறங்குவார். மற்றவர்கள் எல்லாம் “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்பார்கள். சாச்சாவோ, “வாயாடி, வாயாடி, ஒண்ணு ரெண்டு மூணு” என்பார். வாயாடி என்பது நான்தான். திருச்சியில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது சாச்சாவுக்கு விசா வந்தது. வந்தது என்ன, நன்னா வரவழைத்தார். நன்னா என்றால் அத்தாவுக்கும் சாச்சாவுக்கும் அத்தா. பெரிய கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அவர் ஒன்று சொன்னால் வீட்டில் அது சொன்னதுதான். “மைக் செட்டுக்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” என்று அவர் கேட்ட கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாததால் சாச்சா வளைகுடாவுக்குப் போக வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு பட்டியல். நன்னாவுக்கு மூட்டுவலித் தைலம், ஒன்றல்ல, ஒரு டஜன். அம்மாவுக்குப் புலிப் படம் போட்ட கம்பளி. அத்தாவுக்கு ஷேவிங் மெஷின். எனக்கு லைட்டு ஷூ! நடந்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னுமே, அந்த ஷூ. எங்கள் வகுப்பில் ஒருத்தி போட்டுக்கொண்டு வந்து, பெஞ்சுக்கடியில் காலைத் தட்டித் தட்டி மின்னவைத்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தாள். சாச்சா எல்லாருக்கும் தலையை ஆட்டினார். இல்லை என்று சொல்ல அவருக்கு வாயே வராது. தலையை ஆட்டி ஆட்டியே கழுத்து நீண்டுவிடும் என்று அம்மா கேலி செய்வாள்.

விமானம் ஏறப் பத்து நாள் இருக்கும்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு வேலை வந்தது. காவிரிப் படித்துறைப் பக்கம் ஏதோ நாடகமாம், இடம் கொடுத்தவர்கள் மைக் கட்டச் சொன்னார்களாம். லீவு நாள். ஆம்ப்ளிஃபயரைக் கேரியரில் கட்டி, என்னைப் பாரில் உட்காரவைத்து, பாலத்தில் சைக்கிளை மிதித்தார் சாச்சா. நாடகம் என்றதும் கிரீடம், மீசை, கத்திச்சண்டை என்று நான் என்னென்னவோ கனவு கண்டுகொண்டு போனேன். போய்ப் பார்த்தால் மேடையே இல்லை! நாலைந்து ஆண்களும் பெண்களும் ஜீன்ஸும் ஜிப்பாவுமாகத் தரையில் ஒரு வட்டம் போட்டு நின்றார்கள். கையில் ஒரு பறை. அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு அக்கா, முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். சாச்சா குழாயை எடுத்ததும் ஓடிவந்து, “அண்ணா, மைக் வேணாம்ணா” என்றார்.

“ஏங்க, கூட்டத்துக்குக் கேக்க வேணாமா?”

“எங்க கிட்ட மைக் இருந்தா எங்க குரல்தாங்க கேக்கும். அவங்க பேச ஆரம்பிச்சா அவங்க கிட்ட மைக் இருக்காதுல்ல?”

சாச்சா குழாயைக் கீழே வைத்துவிட்டு, யாரோ கன்னத்தில் அறைந்தது போல நின்றார். நாடகத்தில் கூட்டம் எதற்குப் பேச வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

கதை சாதாரணக் கதைதான். ஒரு மருமகள் எல்லாருக்கும் பரிமாறுகிறாள். கடைசியில் பாத்திரத்தில் ஒன்றுமில்லை. அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறாள். அவ்வளவுதான் நாடகம். அந்த அக்கா நடுவே வந்து, “இப்ப மறுபடி இதையே ஆடுவோம். இது சரியில்லன்னு தோணுற எடத்துல யார் வேணும்னாலும் ‘நிறுத்து’ன்னு கத்தலாம். கத்துனவங்க உள்ள வந்து மருமக எடத்துல நின்னு வேற மாதிரி செஞ்சு காட்டணும். ஒரே ஒரு சட்டம், கஷ்டப்படுறவங்க எடத்துக்குத்தான் வரணும். மாமியாரை நல்லவங்களா மாத்துறதெல்லாம் செல்லாது” என்றார். இது எங்கோ தென் அமெரிக்காவில், எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு நடுவில் உண்டான வழியாம். அங்கிருந்து ஆப்பிரிக்கா போய், வங்காளம் போய், இப்போது காவிரிக்கரைக்கு வந்திருக்கிறதாம். உலகம் முழுக்க ஜனங்கள் அவரவர் பாஷையில் ‘நிறுத்து’ என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கவே எனக்குப் புல்லரித்தது. கத்தினால் பரிசு கிடைக்கிற ஒரு இடம் இந்தப் பூமியில் இருக்கிறது!

மறுபடி ஆடினார்கள். திடீரென்று கூட்டத்திலிருந்து, “நிறுத்துங்கோ!” என்று ஒரு குரல். யார் என்று பார்த்தால், மடிசார் கட்டின ஒரு மாமி. கையில் பூக்கூடையோடு விறுவிறுவென்று உள்ளே போய், கூடையை மாமியாராக நடித்தவர் மடியில் வைத்துவிட்டு, முதல் இலையைத் தனக்கே போட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“எனக்கும் பசிக்கறது. நான் மொதல்ல நாலு வாய் சாப்பிட்டுக்கறேன். அப்புறம் ஆர அமரப் பரிமாறறேன். உங்களுக்கெல்லாம் அவசரம்னா கை இருக்கோல்லியோ, போட்டுக்கோங்கோ.”

அடேயப்பா! படித்துறையே அதிர்ந்தது. நான் விசிலடித்தேன். பின்னால் நின்றிருந்த ஒரு மாமா மட்டும் சிரிக்கவும் முடியாமல் கோபிக்கவும் முடியாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அந்த மாமியின் ஆத்துக்காரர் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

எல்லாம் முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகும் நாங்கள் கிளம்பவில்லை. சாச்சா அந்த அக்காவிடம் படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். சாச்சா அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அந்த அக்கா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. சுண்டலில் மாங்காய் போட்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம், அஸர் தொழுகை முடிந்த நேரம், அதே கூட்டம் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது! சாச்சாதான் கூப்பிட்டிருந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீடு வீடாகப் போய், “எல்லாரும் வாங்க, நாடகம்! யார் வேணும்னாலும் நிறுத்தலாம்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். கோழிக்கடைக்காரர், தையல்காரர், மாவு மில் அக்கா, எல்லாரும் வந்தார்கள். நன்னாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டோம். “எங்க காலத்துல கூத்துக்கு நடுவுல நிறுத்துன்னா உதைதான் விழும்” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

பறை முழங்கியது. கதையைப் பார்த்து எனக்கு வாய் பிளந்துவிட்டது. ஒரு பையன். வெளிநாட்டுக்குக் கிளம்புகிறான். அப்பா வந்து ஒரு பையை அவன் தோளில் மாட்டி, “எனக்குத் தைலம்” என்கிறார். அண்ணி ஒரு பை மாட்டி, “எனக்குக் கம்பளி” என்கிறாள். ஒவ்வொருவராகப் பை மாட்ட மாட்ட அவன் குனிந்துகொண்டே போகிறான். தலையை மட்டும் ஆட்டுகிறான். கடைசியில் நாலு காலில் நடக்கிற மாதிரி ஆகி, அப்படியே விமானம் ஏறுகிறான். எங்கள் வீட்டு விஷயம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. நன்னா எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

இரண்டாம் முறை ஆடியதும் கோழிக்கடைக்காரர் நிறுத்தி உள்ளே போனார். பைகளை எல்லாம் கழற்றி, மாட்டியவர்கள் கழுத்திலேயே திருப்பி மாட்டி, “போய்யா, நீயே போய் வாங்கிக்க” என்றார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. எனக்குப் பொறுக்குமா?

“நிறுத்து!”

என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. மாவு மில் அக்கா காதைப் பொத்திக்கொண்டார். ஓடிப்போய் அந்தப் பையன் இடத்தில் நின்றேன். எல்லாப் பையையும் மாட்டிக்கொண்டேன். அது போதாதென்று என் பள்ளிக்கூடப் பையையும் கொண்டுவந்து மாட்டிக்கொண்டு, “நான் சந்தோஷமாப் போறேன்! எல்லாருக்கும் வாங்கிட்டு வர்றேன்! மொதல்ல எங்க அண்ணன் மகளுக்கு லைட்டு ஷூ!” என்றேன். தெரு சிரித்தது. சாச்சாவும் சிரித்தார், தலையை ஆட்டினார். அந்த அக்கா மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் நடித்தது அவருக்குப் பிடிக்கவில்லை போல என்று எனக்குச் சின்ன வருத்தம்.

மூன்றாவதாக ஒரு ‘நிறுத்து’ கேட்டது. மெல்லக் கேட்டது. அது சாச்சா.

உள்ளே போய்ப் பைகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார். அப்பாவாக நடித்தவர் பஞ்சுத்தாடி ஒட்டிக்கொண்டு எதிரே நின்றார். சாச்சா அவரைப் பார்க்கவில்லை. முன்வரிசை நாற்காலியைப் பார்த்தார்.

“அத்தா, எனக்குப் போக வேணாம்த்தா. நான் உங்க கிட்ட ஒரு தடவை கூட முடியாதுன்னு சொன்னதில்ல. எப்படிச் சொல்றதுன்னே எனக்குத் தெரியல. அங்க போயி என்ன வேலைன்னு கூட யாரும் எனக்குச் சொல்லல. இங்க எனக்குத் தெரிஞ்ச வேல இருக்குத்தா. கம்பத்துல ஏறி நின்னா மலைக்கோட்டை தெரியும், கொள்ளிடம் வரைக்கும் தெரியும். எனக்கு அது போதும்த்தா. கஞ்சி குடிச்சாலும் உங்க பக்கத்துல இருந்து குடிக்கிறேன். என்னை அனுப்பாதீங்க.”

குரல் உடைந்துவிட்டது. கன்னத்தில் நிஜமாகவே கண்ணீர். கிளிசரின் இல்லாமல் சாச்சாவுக்கு எப்படி அழ வருகிறது என்று நான் அசந்துபோனேன். அப்போது நன்னா எழுந்து நின்றார். இரண்டு கையையும் உயர்த்திப் படபடவென்று தட்டினார்.

“மாஷா அல்லாஹ்! பாத்தீங்களாய்யா, என் மவன் என்னமா நடிக்கிறான்னு! இத்தனை நாளா எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?”

அவ்வளவுதான், தெருவே எழுந்துவிட்டது. விசில், கைதட்டல். நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். சாச்சா பைகளோடு அப்படியே நின்றார்.

அந்த அக்கா நன்னாவின் அருகில் வந்து, “பெரியவரே, இன்னைக்கு மட்டும் சட்டத்தை மாத்திக்கலாம். நீங்க வந்து அந்த அப்பா எடத்துல நில்லுங்க. உங்க பையனுக்கு ஒரு பதில் சொல்லுங்க” என்றார்.

நன்னா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நமக்கு நடிப்பெல்லாம் வராதும்மா” என்றார். சொல்லி வைத்தாற்போல், பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பள்ளிவாசலை நோக்கி நடந்தார். வழக்கமாக நன்னா சாச்சாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுவார். அன்றைக்குத் தனியாக ஏறினார். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்து என்ன?

புதன்கிழமை எல்லாரும் வேன் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனோம். சாச்சா புதுச் சட்டையில் இருந்தார். நன்னா அவர் தலையில் கைவைத்து துஆ ஓதினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியாக சாச்சா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“வாயாடி, ஒரு தடவை ‘நிறுத்து’ன்னு கத்தேன், கேப்போம்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் வாசலில் துப்பாக்கியோடு போலீஸ்காரர் நின்றார். அதோடு, கத்தி விமானம் நின்றுவிட்டால் ஷூ வருவது தாமதமாகுமே என்ற கணக்கும் எனக்கு இருந்தது.

“போங்க சாச்சா, எல்லாரும் பாக்குறாங்க. ரெண்டாம் நம்பர் சைஸ், மறந்துடாதீங்க!”

சாச்சா தலையை ஆட்டினார். உள்ளே போய்விட்டார்.

ஷூ எட்டே மாதத்தில் யாரோ கையில் வந்து சேர்ந்தது. அச்சாகப் பொருந்தியது. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மின்னிக்கொண்டே ஓடினேன், அவ்வளவு சந்தோஷம். சாச்சா திரும்பி வரும்போது நான் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். மைக் செட் கடையும் அதற்குள் இல்லாமல் போயிருந்தது. காவிரிப் படியில் உட்கார்ந்து அந்த அக்காவிடம் அவர் சொன்னது தன் கதையைத்தான் என்பதும், நன்னாவின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைச் சொல்லத்தான் ஒரு கூட்டத்தையே தெருவுக்கு அழைத்துவந்தார் என்பதும் எனக்குப் புரிய அதற்குமேலும் வருஷங்கள் ஆயின. யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நான். ஊரிலேயே பெரிய தொண்டையும் எனக்குத்தான். ஒரே ஒரு தடவை, கத்தச் சொல்லி ஒருவர் என்னிடம் கேட்டார். நான் அவரிடம் ஷூ அளவைச் சொன்னேன்.